மூச்சுக்கு அருகே – 11: தலைவலிக்காக வந்தவர்

ரங்கூனில் 1950களில் சத்யநாராயண் கோயங்காவுக்கு ஆலை இருந்தது, வியாபாரம் இருந்தது, ஊரில் பெயரும் இருந்தது. கூடவே ஒற்றைத் தலைவலி. வலி தாங்காத நாட்களில் மார்ஃபின் ஊசி. கடைசியில் ஊசிக்கே அடிமையாகிவிடுவாரோ என்று மருத்துவர்கள் பயந்தார்கள். ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் எனச் சுற்றி வைத்தியம் பார்த்தும் பலனில்லை. நண்பர் ஒருவர் சொல்லித்தான் ஊ பா கின்னைத் தேடிப் போனார்.

ஊ பா கின் துறவி அல்ல, அரசு அதிகாரி. 1948 ஜனவரி 4 அன்று, பர்மா சுதந்திரமடைந்த அதே நாளில், அந்நாட்டின் அக்கவுண்டன்ட் ஜெனரலாகப் பொறுப்பேற்றவர். அலுவலகத்திலேயே ஊழியர்களுக்குத் தியானம் கற்றுக்கொடுத்தவர். தலைவலி தீரத்தான் வந்தீர்கள் என்றால் சேர்த்துக்கொள்ள முடியாது என்று கோயங்காவிடம் சொல்லிவிட்டார். மாதக்கணக்கில் தயங்கிய பிறகு, 1955இல் கோயங்கா பத்து நாள் விபஸ்ஸனா தியான முகாமில் உட்கார்ந்தார். தலைவலியும் போனது. ஆனால் அதற்குள் அவருக்கு அது முக்கியமில்லாமல் ஆகியிருந்தது.

ஊ பா கின்னின் கண்டிப்பை மதிக்கிறேன். முழுக்க ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், வேலை ஆட்டம் கண்டால்தான் அலமாரி மேலே கிடக்கும் தியான மெத்தை நம் நினைவுக்கு வருகிறது. வரட்டுமே, தலைவலிக்காகவே வரட்டும். உட்கார்ந்து எழுந்ததும் பதற்றம் குறைந்ததா என்று தினமும் கணக்குப் பார்ப்பதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. நாலு நாள் குறையவில்லை என்றதும் மெத்தை திரும்ப அலமாரிக்குப் போய்விடுகிறது.

இன்னொரு தடையும் உண்டு. விபஸ்ஸனா முகாமில் அதிகாலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். பேச்சு கிடையாது, ஃபோன் கிடையாது. முதல் மூன்று நாளும் மூச்சு மட்டும்தான். கிளம்பும்போது, காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் வீட்டில் உட்காருங்கள் என்று சொல்லி அனுப்புவார்கள். இதை விடாமல் செய்கிறவர்கள் என் பழக்கத்தில் சொற்பம். விட்டவர்களுக்கோ அந்த இரண்டு மணி நேரம் வட்டி ஏறிய கடன் மாதிரி. மொத்தமாகக் கட்ட வழியில்லாததால் அந்தத் தெருப் பக்கமே போவதில்லை.

அம்மா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்களில் எனக்கு ஒரு மணி நேரம் எங்கிருந்து கிடைக்கும்? பார்வையாளர் நேரத்துக்கு முன்னால் பத்து நிமிடம் கிடைத்தது. வெளியே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணை மூடிக்கொள்வேன். பக்கத்தில் யாரோ இன்சூரன்ஸ்காரரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார். அமைதி வந்ததா என்றால், இல்லை. ஆனால் அண்ணனுக்கு அனுப்ப ஆத்திரமாக எழுதி வைத்திருந்த வாட்ஸ்அப் செய்தியை ஒருநாள் அனுப்பாமலே அழித்தேன். அந்த வாரத்தில் பத்து நிமிடம் செய்த வேலை அவ்வளவுதான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நெருக்கடி நேரத்தில் முழுப் பயிற்சிக்கும் திரும்ப வேண்டியதில்லை, ஆனாபானா ஒன்றே போதும் என்பது என் கட்சி. மூக்குத் துவாரங்களுக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே உள்ள சின்ன இடத்தில் கவனத்தை வைத்து, மூச்சு வருவதையும் போவதையும் அறிந்துகொண்டிருப்பதுதான் ஆனாபானா. மந்திரம் இல்லை, உருவம் இல்லை. பிராணாயாமம் பழகிய நமக்குக் கை தானாக மூக்குக்குப் போகும், மூச்சை இழுத்துவிடத் தோன்றும். இங்கே அதெல்லாம் கூடாது. பதற்றத்தில் மூச்சு மேலோட்டமாக, வேகமாக ஓடும். ஓடட்டும், ஓடுகிறது என்று தெரிந்தால் சரி. ஏற்கெனவே ஆயிரம் விஷயங்களைச் சரிசெய்ய ஓடிக்கொண்டிருப்பவருக்குச் சரிசெய்ய வேண்டாத ஒன்று கிடைப்பது சின்ன சலுகை அல்ல. மனம் மருத்துவமனை பில்லுக்குப் போய்விட்டால் திட்டாமல் கூட்டிவர வேண்டும். மறுபடி ஆரம்பியுங்கள் என்று, பின்னாளில் தியான ஆசிரியரான கோயங்கா தன் ஒலிப்பதிவுகளில் சலிக்காமல் சொல்வதும் இதைத்தான்.

எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் இது ஒத்துவராது. கடும் மனச்சோர்வில் இருப்பவர், கண்ணை மூடினாலே பீதி ஏறுகிறவர் முதலில் மருத்துவரைப் பார்ப்பதே நல்லது. முகாமுக்கான விண்ணப்பத்திலேயே மனநலம் பற்றிய கேள்விகள் இருக்கின்றன. அவற்றுக்கு மறைக்காமல் பதில் எழுத வேண்டும்.

கோயங்காவுக்கும் நெருக்கடி வந்தது. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. பிறகு கோயங்காவின் தொழில்கள் அரசுடைமையாயின. சம்பாதித்ததெல்லாம் கைவிட்டுப் போன அந்த ஆண்டுகளை, குருவின் அருகில் கூடுதலாக இருக்கக் கிடைத்த காலமாகவே அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அவருக்கு அப்போது பழக்கம் கையில் இருந்தது. நம்மில் பலருக்கு இருப்பதில்லை.

1969இல் அவர் இந்தியாவுக்கு வந்தார், ஊர் ஊராகப் போய்ப் போதிக்கும் திட்டத்தோடு அல்ல. இந்தியாவில் இருந்த தாய்க்கு உடல்நலம் சரியில்லை. அந்த ஜூலையில் மும்பையில் நடந்த முதல் முகாமில் உட்கார்ந்தவர்களில் அவருடைய பெற்றோரும் இருந்தார்கள். அம்மாவின் நோய்க்காக வந்தவர் என்று அவரை யாரும் திருப்பி அனுப்பவில்லை. ஊ பா கின்னே வாழ்த்தித்தான் அனுப்பியிருந்தார். அடுத்த முகாம் சென்னையில். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)