மென்தோற் குழந்தைக்கு வெயிற்காப்பு

வெயிலைத் தடுக்கப் பூசிய களிம்பே குழந்தையின் மேனியைச் சிவக்கச் செய்யுமாயின், தாய் அதனை வெறுத்தொதுக்குதல் இயல்பே. ஆயினும், கைவிடத்தக்கது அக்களிம்பேயன்றிக் காப்பு அன்று.

இக்களிம்புகள் இருவகைப்படும். ஒருவகை, இரசாயனச் சேர்வைகளாற் கழியூதாக் கதிர்களை உறிஞ்சுவது. மற்றையது, சிங்க் ஒட்சைட்டு, தைட்டேனியம் டைஒட்சைட்டு என்னுங் கனிமத் தூள்கள் தோலின்மேற் படிந்து அக்கதிர்களைத் தடுப்பது. எளிதிற் சினக்குந் தோலுக்குப் பின்னையதே பெரிதும் ஒத்துவரும்.

புட்டியின் முகப்பிலுள்ள 'குழந்தைகளுக்கு' என்னுஞ் சொல்லோடு அமையாது, பின்புறத்தையும் வாசித்தல் வேண்டும். வாசனை சேராததாகவும், ஏ, பி என்னும் இருவகைக் கழியூதாக் கதிர்களையுந் தடுப்பதாகவும், எஸ்.பி.எவ். எண் 30க்குக் குறையாததாகவும் இருத்தல் வேண்டும். தோலைச் சுடும் பி வகைக் கதிர்களில் 30 என்பது சுமார் 97 வீதத்தையும், 50 என்பது 98 வீதத்தையுந் தடுக்கும். ஆதலின் எண்ணினும் பூசும் முறையே முக்கியம்.

முதலிற் சிறிதளவை முன்கையின் உட்புறத்திற் பூசிச் சில நாள் கவனித்தல் நன்று. வெளியில் இருக்கையில் இரண்டு மணித்தியாலத்துக்கொரு முறையும், நீராடிய பின்னரும் மீளப் பூசுதல் வேண்டும். ஆறு மாதம் நிரம்பாத சிசுவுக்கோ நிழலும் மெல்லாடையுமே முதற்காப்பு.