கணினி அப்டேட் ஆனது, கடை நின்றுபோனது: ஆபத்துகள், தீர்வுகள், உரிமைகள்

விண்டோஸுக்கான மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. நம் நேரப்படி இரவு 10.30 அல்லது 11.30 மணி. கடையை அடைத்துவிட்டுப் படுக்கப் போகும் நேரம். அந்த வாரத்தில் ஒரு நாள் காலை ஷட்டரைத் தூக்கிக் கணினியைப் போட்டால் பில்லிங் மென்பொருள் திறக்கவில்லை, அல்லது பில் போட்டும் பிரிண்டர் அசையவில்லை. வாடிக்கையாளர் காத்திருக்கிறார்.

இரண்டாவது செவ்வாய் எப்போதும் 8ஆம் தேதிக்கும் 14ஆம் தேதிக்கும் இடையில்தான் விழும். மாதந்தோறும் ஜிஎஸ்டி கணக்குக் கொடுப்பவர்கள் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை 11ஆம் தேதிக்குள்ளும், ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தை 20ஆம் தேதிக்குள்ளும் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. கணினி கெட வாய்ப்புள்ள நாள்களும் கணக்குக் கொடுக்க வேண்டிய நாள்களும் ஒன்றாக வருகின்றன.

மும்பையை அடுத்த உல்லாஸ்நகர், ஜீன்ஸுக்கும் ஆயத்த ஆடைக்கும் மரச்சாமான்களுக்கும் பெயர்பெற்ற ஊர். அதன் 'கேம்ப்' எனப்படும் ஐந்து பகுதிகளிலும் தொழில் நடத்தும் தமிழர்களுக்கும், தாராவி, மாட்டுங்கா, செம்பூரில் கடை வைத்திருப்பவர்களுக்கும் கணினி நிபுணரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும் வசதி கிடையாது. எனவே சில விஷயங்களை நாமே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்றை மாற்றினால் இன்னொன்று ஏன் கெடுகிறது?

பில்லிங் மென்பொருளோ பிரிண்டரோ தனியாக இயங்குவதில்லை. எழுத்துரு, அச்சு, வலைத்தொடர்பு, பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் அவை விண்டோஸின் பொதுப் பாகங்களையே நம்பியிருக்கின்றன. பாதுகாப்பு ஓட்டையை அடைப்பதற்காக அந்தப் பாகத்தை மாற்றும்போது, பழைய பாகத்தை எதிர்பார்த்து எழுதப்பட்ட மென்பொருள் தடுமாறுகிறது. பிரிண்டர் டிரைவர் பழையதாக இருந்தால் தடுமாற்றம் இன்னும் அதிகம்.

இதற்கு நடந்த சம்பவங்களே சாட்சி. 2021 மார்ச் 9 அன்று வந்த கேபி5000802 என்ற அப்டேட்டுக்குப் பிறகு, கியோசெரா, ரிக்கோ, ஸீப்ரா உள்ளிட்ட பிரிண்டர்களில் அச்சிடக் கொடுத்த உடனே பல கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. அதற்கான திருத்தம் வந்த பிறகும் சில இடங்களில் பார்கோடும் க்யூஆர் கோடும் அச்சில் காணாமல் போயின. அதைச் சரிசெய்ய மார்ச் 18 அன்று இன்னொரு திருத்தம் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் வந்த ஓர் அப்டேட் யூஎஸ்பி வழியாக இணைத்த லேபிள் பிரிண்டர்களை முடக்கியது. துணிக்கு விலைச்சீட்டு ஒட்டும் கடைக்கு அன்று வியாபாரமே இல்லை.

2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு சிலருடைய கோப்புகளையே அழித்தது. சில நாள்களிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்தது.

2024 ஜூலை 19 அன்று நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அது விண்டோஸ் அப்டேட் அல்ல. கிரௌட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் காலை 9.39 மணிக்கு அனுப்பிய ஒரு சிறு கோப்பு. 78 நிமிடங்களில் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அதற்குள் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்துவிட்டன. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மும்பை விமான நிலையத்திலும் பயணிகளைக் கைமுறையாகவே பதிவுசெய்தார்கள்.

அப்டேட்டையே நிறுத்திவிடலாமா?

கூடாது. 2017 மே மாதம் உலகைத் தாக்கிய வான்னாக்ரை வைரஸ் நுழைந்த ஓட்டைக்கு, இரண்டு மாதம் முன்பே மார்ச்சில் அப்டேட் வந்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள். அடுத்த மாதம், ஜூன் 27 அன்று, நாட்பெட்யா என்ற வைரஸ் நம் அருகிலேயே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஜிடிஐ முனையத்தை முடக்கியது. அது முதலில் பரவியது உக்ரைன் நாட்டின் ஒரு கணக்கு மென்பொருளுடைய அப்டேட் வழியாக. பின்பு மற்ற கணினிகளுக்குத் தாவப் பயன்படுத்தியது, மார்ச்சில் அடைக்கப்பட்ட அதே ஓட்டையை.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதை இன்னும் வைத்திருப்பவர்கள் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தாலன்றிப் புது ஓட்டைகள் அடைபடாது. ஆகவே அப்டேட் போட வேண்டும். எப்போது போடுவது என்பதை நாம் முடிவுசெய்ய வேண்டும்.

கெட்டுப்போன காலையில் செய்ய வேண்டியவை

1. சதவீதக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தால் கணினியை அணைக்காதீர்கள். பாதியில் மின்சாரம் போனால் கோளாறு பெரிதாகும். யூபிஎஸ் அவசியம்.

2. திரையில் வரும் பிழைச் செய்தியையும் எண்ணையும் கைபேசியில் படமெடுங்கள். பின்னால் பழுது பார்க்கவும் புகார் கொடுக்கவும் இதுவே ஆதாரம்.

3. 'ஷட் டவுன்' செய்து மீண்டும் போடுவதைவிட 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். பல கணினிகளில் ஷட் டவுன் முழுதாக அணைப்பதில்லை. ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது.

4. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதற்குள் அப்டேட் ஹிஸ்டரி. கோளாறு தொடங்கிய நாளும் கடைசி அப்டேட் நாளும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றானால், அங்கேயே உள்ள அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் மூலம் அந்த ஒன்றை மட்டும் நீக்கலாம். விண்டோஸ் பதிப்பே மாறியிருந்தால், 'ரெக்கவரி' பகுதியில் பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி பொதுவாக 10 நாள்கள் வரைதான் இருக்கும்.

5. ஒரே ஒரு மென்பொருள் மட்டும் திறக்கவில்லை என்றால், அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து அதன் புதிய பதிப்பைப் போடுங்கள். பிரிண்டர் என்றால், தயாரிப்பாளரின் புதிய டிரைவர். ஆன்டிவைரஸ் அந்த மென்பொருளைத் தடுத்துவைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

6. கணினி எழவே இல்லையென்றால், தொடங்கும்போதே மின்விசையை அழுத்தி நிறுத்துவதை இரண்டு மூன்று முறை செய்தால் பழுதுபார்ப்புத் திரை வரும். அங்கிருந்தும் அப்டேட்டை நீக்கலாம். சேஃப் மோடிலும் நுழையலாம். 2025 அக்டோபர் 14 அப்டேட்டுக்குப் பிறகு இந்தத் திரையில் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யாமல் போயின; அக்டோபர் 20 அன்று அவசரத் திருத்தம் வந்தது.

7. பல புதிய கணினிகளில் பிட்லாக்கர் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும். பழுதுபார்க்கும்போது 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கலாம். இன்றே எடுத்து, கணினிக்கு வெளியே தாளில் எழுதி வையுங்கள்.

"ஃபார்மேட் போட்டுடலாம்" என்றால்

பழுது பார்க்க வருபவர் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான். வேலை சீக்கிரம் முடியும்; கணக்கும் சேர்ந்தே போகும். கணினி எழாவிட்டாலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டித் தரவைப் பெரும்பாலும் எடுக்க முடியும். முதலில் அது நடக்கட்டும். பழைய கணக்கு ஃபோல்டர் நகலெடுக்கப்பட்டு, வேறு கணினியில் திறந்து பார்த்த பிறகே ஃபார்மேட்டுக்குச் சம்மதியுங்கள். என்ன கோளாறு, என்ன செய்யப்போகிறார், தரவுக்கு யார் பொறுப்பு என்பதை ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். எழுத்தில் இல்லாத வாக்கு நுகர்வோர் ஆணையத்தின் முன் நிற்பது கடினம்.

திருட்டு விண்டோஸ் போட்டுத் தருகிறேன் என்பவரைத் திருப்பி அனுப்புங்கள். பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி, தெரிந்தே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்துவது 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறைக்கும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் உரிய குற்றம். அப்டேட்டில் அது கெட்டால் கேட்பதற்கும் நாதியில்லை.

உதவி என்று வரும் மோசடி

பதற்றத்தில் கூகுளில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்ணை அழைப்பவர்களே மோசடிக்காரர்களின் முதல் இரை. கிரௌட்ஸ்ட்ரைக் சம்பவத்தின்போதே, திருத்தம் என்ற பெயரில் வைரஸ் கோப்புகள் சுற்றின. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் எச்சரிக்கை விடுத்தது. மைக்ரோசாஃப்ட் உதவி மையம் என்று நடித்து ஏமாற்றும் கும்பல்கள் மீது 2023 அக்டோபரில் சிபிஐ 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் நாடெங்கும் சோதனை நடத்தியது.

திரையில் எண்ணைக் காட்டி "உடனே அழையுங்கள்" என்று மைக்ரோசாஃப்ட் கேட்பதில்லை. எனிடெஸ்க் போன்ற செயலியைப் போடச் சொல்பவரிடம் கணினியைக் கொடுக்காதீர்கள்; இதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019லேயே எச்சரித்தது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைத்து, வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். நீங்களே ஓடிபி கொடுத்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு உங்களுடையது அல்ல என்று ரிசர்வ் வங்கியின் விதிகள் சொல்கின்றன.

சட்டம் யாருக்குத் துணை நிற்கிறது?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, பொருளில் குறையோ சேவையில் குறைபாடோ இருந்தால் இழப்பீடு கேட்கலாம். உத்தரவாதக் காலத்தில் உள்ள கணினியை விற்றவர், ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் வாங்கியவர், மென்பொருள் விற்ற நிறுவனம், பழுது பார்த்தவர் எனத் தவறு யாருடையதோ அவரைக் கேட்கலாம்.

ஆனால் வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் இச்சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார். 2025 நவம்பரில் பாலி மெடிக்யூர் வழக்கில், தொழில் நடைமுறையைத் தானியங்கி ஆக்க மென்பொருள் வாங்கிய நிறுவனம் நுகர்வோர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே சமயம், சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்துபவருக்குச் சட்டமே விலக்கு தருகிறது. தன் கையால் பில் போடும் சிறு கடைக்காரரும், தானே தைக்கும் தையல்காரரும் இந்த வாசல் வழியாக உள்ளே வரலாம். புகாரில் அதைத் தெளிவாக எழுத வேண்டும். ஆள் வைத்துத் தொழில் நடத்தும் பெரிய நிறுவனங்களுக்கு வழி உரிமையியல் நீதிமன்றம். அங்கே ஒப்பந்த மீறலுக்குக் காலவரம்பு 3 ஆண்டு.

அப்டேட் தந்த நிறுவனத்தையே கேட்க முடியுமா? உரிம ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அவர்களுடைய பொறுப்பைச் செலுத்திய விலைக்குள் சுருக்கிவிடுகின்றன. மிகவும் ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று மாநில ஆணையத்தில் எதிர்க்கலாம். அரசும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது: ஐஓஎஸ் 18 அப்டேட்டுக்குப் பிறகு ஐபோன் சரியாக இயங்கவில்லை என்ற புகார்கள் நுகர்வோர் உதவி மையத்துக்கு வந்ததால், ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பியதாக 2025 ஜனவரியில் மத்திய அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி அறிவித்தார். கைபேசியை மந்தமாக்கிய அப்டேட்டுகளுக்காக 2018இல் இத்தாலி ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. ஒவ்வொருவரும் புகார் கொடுத்தால்தான் அரசின் கை நீளும்.

எங்கே, எப்படி?

முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அல்லது பதிவுத் தபால். பதில் இல்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அடுத்து, இ-ஜாக்ரிதி தளம் வழியாக மாவட்ட ஆணையத்தில் வழக்கு. செலுத்திய விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. கோளாறு நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். கணினியை லாமிங்டன் ரோட்டில் வாங்கியிருந்தாலும் ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். உல்லாஸ்நகர்வாசிக்குத் தாணே மாவட்ட ஆணையம். பில், உத்தரவாத அட்டை, ஜாப் ஷீட், பிழைப் படம், கடிதப் போக்குவரத்து ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள்.

வருமுன் காக்க

விண்டோஸில் அப்டேட்டை 5 வாரம் வரை தள்ளிவைக்கலாம். மாதம் 8ஆம் தேதிக்கு முன் தள்ளிவைத்து, 20ஆம் தேதி கணக்குக் கொடுத்த பிறகு, கடை விடுமுறை நாளில் போடுங்கள். அதற்குள் அந்த அப்டேட்டின் குறைகளும் பெரும்பாலும் வெளியே தெரிந்துவிடும். மோசமான ஓட்டைக்கு அவசர அப்டேட் வந்ததாகச் செய்தி வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். பேக்கப் எடுத்துவிட்டு அன்றே போடுங்கள்.

மின்னணுக் கணக்குக்கு முறையான பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்று ஜிஎஸ்டி விதி 57 கட்டளையிடுகிறது. ஆண்டறிக்கை கொடுக்க வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காக்க வேண்டும் என்பதும் சட்டம். அப்டேட்டில் போய்விட்டது என்ற பதிலை வரித்துறை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. எனவே தினமும் ஒரு நகல் வெளி ஹார்ட் டிஸ்க்கிலும், வாரம் ஒரு நகல் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். நகல் எடுத்ததும் அந்த டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்தால் வைரஸ் அதையும் பூட்டிவிடும்.

பறிபோன கணக்கை எந்த ஆணையமும் திருப்பித் தராது. அது தருவது இழப்பீடு மட்டும்தான். இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக உங்கள் கணக்கு ஃபோல்டரை ஒரு டிஸ்க்கில் நகலெடுத்து, அது திறக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துக் கடைக்காரருக்கும் சொல்லுங்கள்.