எம்.எட். சேருமுன் ஒரு கேள்வி

பி.எட். முடித்துவிட்டு வீட்டோடு இருக்கும் பெண்கள் இன்று தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். கல்யாணம், குழந்தை என்று சில வருஷம் ஓடிய பிறகு, 'மேலே ஏதாவது படித்தால் என்ன?' என்ற ஆசை மெல்ல எட்டிப் பார்க்கும். நல்ல ஆசைதான். ஆனால், ஒரு புடவை எடுக்கவே பத்துக் கடை ஏறி இறங்குகிற நாம், படிப்பு விஷயத்தில் மட்டும் 'பக்கத்தில் இருக்கிற காலேஜ்' என்று சேர்ந்துவிடுகிறோமே!

என் அண்ணன் மகள் பி.எஸ்ஸி. கணிதம், பி.எட். படித்தவள். தனியார் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். மூன்று வயதில் பிள்ளை. "அத்தை, ப்ளஸ் டூவுக்குப் பாடம் எடுக்கணும்னு ஆசையா இருக்கு. எம்.எட். சேரப் போறேன். பீஸுக்கு ரெண்டு வளையலை பேங்க்ல வெச்சிடலாம்னு அவரும் சொல்லிட்டார்" என்றாள்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருக்கிறார். அவரிடம் அழைத்துப் போனேன். அந்த அம்மாள் கேட்டது ஒரே கேள்விதான்: "நீ யாருக்குப் பாடம் நடத்தணும்னு ஆசைப்படறே?"

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகளுக்கு முதுகலை ஆசிரியராக வேண்டுமானால், அந்தப் பாடத்தில் முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும், ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வும் எழுத வேண்டும். பாடத்தில் வாங்க வேண்டிய முதுகலைக்கு எம்.எட். ஈடாகாது. எம்.எட். என்பது, ஆசிரியர்களை உருவாக்கப் போகிறவர்களுக்கான படிப்பு. என் அண்ணன் மகளுக்குத் தேவை எம்.எஸ்ஸி. கணிதம். அதற்குத்தான் இப்போது விண்ணப்பம் போட்டிருக்கிறாள்.

எதிர்வீட்டு மருமகள் விஷயம் வேறு. அவள் ஏற்கெனவே எம்.ஏ., பி.எட். படித்தவள். பி.எட். கல்லூரியில் விரிவுரையாளராக ஆசை. அதற்குப் பெரும்பாலும் பாடத்தில் முதுகலை, எம்.எட். இரண்டிலும் 55 சதவீதம் கேட்பார்கள். நெட், ஸ்லெட் அல்லது பிஎச்.டி.யும் வேண்டும். ஆக, அவளுக்கு எம்.எட். சரியான வழிதான்.

எம்.ஏ. கல்வியியல் என்று இன்னொன்றும் உண்டு. இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம், பி.எட். இல்லாதவர்களும் சேரலாம். ஆனால் பள்ளி ஆசிரியர் வேலைக்கு அது பி.எட்.டுக்கு மாற்று ஆகாது.

எம்.எட்.தான் என்று முடிவானால், கவனிக்க வேண்டியவை:

1. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம். பி.எட்.டுக்கு இருப்பதால் எம்.எட்.டுக்கும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. குழுமத்தின் இணையதளத்தில் கல்லூரியின் பெயரையும் படிப்பையும் சேர்த்துப் பாருங்கள். பல்கலைக்கழக இணைப்பையும் கேளுங்கள்.

2. காலம். 2015 முதல் எம்.எட். இரண்டு வருஷ முழுநேரப் படிப்பு ஆனது. 2025-இல் வெளியான வரைவு விதிகளில் ஓராண்டுப் படிப்பும் இடம்பெற்றது. ஆகவே நீங்கள் சேரும் வருஷத்தில் எது நடப்பு என்று விசாரித்துக்கொள்ளுங்கள். "பரீட்சைக்கு வந்தா போதும், அட்டெண்டன்ஸை நாங்க பார்த்துக்கறோம்" என்று யாராவது சொன்னால், வந்த வழியே திரும்பிவிடுங்கள்!

3. ஆசிரியர்கள். 2014-ஆம் வருஷ விதிப்படி 50 மாணவர்களுக்கு 10 ஆசிரியர்கள் வேண்டும். ஒரு வேலைநாளில் நேரில் போய், வகுப்பு நடக்கிறதா, நூலகம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வேட்டுக்கு யார் வழிகாட்டுகிறார்கள் என்று அங்கே படிக்கும் பெண்களிடமே கேளுங்கள்.

4. செலவு. கட்டணத்தோடு பஸ், ஆய்வேடு தட்டச்சு, பைண்டிங் எல்லாம் சேரும். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் பளு குறையும். சென்னையில் 1856-இல் தொடங்கிய சைதாப்பேட்டைக் கல்லூரியும், 1922-இல் தொடங்கிய லேடி வெலிங்டன் கல்லூரியும் அரசு நடத்துபவை.

இத்தனையும் பார்த்த பிறகு, மாமியாரையும் கணவரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். மாலையில் குழந்தையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது, பரீட்சை நாளில் யார் சமைப்பது என்பதையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள். அப்புறம் தைரியமாக விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யலாம்.