கருவாட்டுச் சட்டியில் ஒளிந்திருக்கும் ஆபத்து!

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் பழவேற்காடு ஏரி. இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளில் சில்காவுக்கு அடுத்த பெரிய ஏரி. கரையோரக் குப்பங்களில் காற்றிலும் உப்பு, தண்ணியிலும் உப்பு. சோற்றிலும் உப்பு ஏறினால்தான் வம்பு!

மீன் பட்டால் நல்ல மீன் ஏலத்துக்குப் போய்விடும். படாத நாளில் கை கொடுப்பது கருவாடு. உப்பில் ஊறி வெயிலில் காய்ந்த சரக்கு. அதைக் குழம்பில் போட்டு, மேலே ஒரு கை கல்லுப்பு, தொட்டுக்கொள்ள ஊறுகாய்!

ஒரு ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டு உப்பும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

"வெயில்லே துடுப்பு வலிக்கிறோம், வேர்வையா கொட்டுது. உப்பு வேணாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வேர்வையில் போகிற உப்பைச் சாதாரணச் சாப்பாடே பெரும்பாலும் ஈடு கட்டிவிடும்.

ரத்தக் கொதிப்பு

கூடுதல் உப்பு ரத்தக் கொதிப்பை ஏற்றும். பலருக்கு அறிகுறியே தெரியாது. ஒருநாள் திடீரென்று கை, கால் விழுந்துவிடும். அப்புறம் வலை இழுப்பது யார்?

அதற்காகக் கருவாட்டை விட வேண்டாம். (விட்டால் குழம்பு ஏது!) சமைக்கும் முன் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னொரு தடவை அலச வேண்டும். உப்பு நல்லாவே இறங்கும். குழம்பு கொதித்த பிறகு ருசி பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் உப்பு. சோற்றுக்கு உப்பு வேண்டவே வேண்டாம். ஊறுகாய்க்குப் பதில் வெங்காயம்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் பார்க்க வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். மாத்திரையும் தருகிறார்கள். "நல்லாத்தானே இருக்கேன்" என்று பாதியில் நிறுத்துவது பெரிய தப்பு. விடிய விடிய ஏரியில் தங்குகிறவர், சோற்றுத் தூக்கோடு மாத்திரையையும் எடுத்துப் போகலாம்.