கொடுங்கோல் வேறு, குடிமக்கள் வேறு

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிறந்த ஆண்டினை அரபு மக்கள் 'யானை ஆண்டு' என்று அழைத்தனர். யமன் நாட்டை ஆண்டுவந்த அபிசீனியனான ஆப்ரஹா, இறையில்லமாம் கஅபாவை இடித்துத் தரைமட்டமாக்க யானைப் படையுடன் வந்த ஆண்டு அது. அவன் படை அழிந்த வரலாற்றைத் திருமறையின் 'அல்ஃபீல்' அத்தியாயம் எடுத்துரைக்கிறது. ஐந்தே வசனங்கள் கொண்ட அதனை நம் இல்லத்துச் சிறுவர்களும் மனனமாக ஓதுவர்.

அன்பிற்குரிய வாசகர்களே, ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். அந்த அத்தியாயத்தில் அபிசீனியர் என்ற சொல் எங்கேனும் வருகின்றதா? இல்லை. யானைக்காரர்கள் என்றே இறைவன் அவர்களைக் குறிப்பிடுகின்றான். அவர்தம் செயலே கண்டிக்கப்படுகிறது. அவர்கள் பிறந்த இனம் பழிக்கப்படவில்லை.

அண்ணலாரின் வாழ்வும் இதற்குச் சான்று. ஆறு வயதில், 'அப்வா' என்னுமிடத்தில் அன்னை ஆமினாவை இழந்து நின்ற அவர்களை மக்காவுக்கு அழைத்து வந்தவர் உம்மு அய்மன் (ரலி) என்ற அபிசீனியப் பெண்மணி. பெற்ற அன்னைக்குப் பின் தமக்கு அன்னை அவரே என்று பெருமானார் போற்றி வந்தார்கள்.

நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டில், கி.பி. 615-ல், குறைஷியரின் கொடுமை தாங்கவியலாத அளவுக்கு முற்றியது. தோழர்களை நாயகம் எங்கே அனுப்பினார்கள்? கஅபாவை இடிக்க வந்தவனின் தாயகமான அதே அபிசீனியாவுக்கே அனுப்பினார்கள்! அங்கே நீதி தவறாத மன்னர் ஆள்கிறார் என்பதே காரணம். குறைஷித் தூதர்கள் பரிசுப் பொருள்களுடன் பின்தொடர்ந்து சென்று, அடைக்கலம் புகுந்தோரை ஒப்படைக்குமாறு வேண்டினர். ஜஃபர் (ரலி) அவர்களின் உரையையும், அவர்கள் ஓதிய 'மர்யம்' அத்தியாய வசனங்களையும் செவியுற்ற நஜ்ஜாஷி மன்னர் கண்ணீர் உகுத்தார். பரிசுகளைத் திருப்பி அளித்தார். வந்தோரைக் கைவிட மறுத்தார்.

பின்னர் கி.பி. 630-ல் மக்கா வெற்றி கொள்ளப்பட்டபோது, கஅபாவின் மீதேறிப் பாங்கு சொல்லுமாறு நாயகம் பணித்தது யாரை? அபிசீனியத் தாய் ஈன்ற பிலால் (ரலி) அவர்களை! அவ்வில்லத்தை இடிக்க வந்தவனும், அதன் மீது நின்று இறைவனின் புகழை முழங்கியவரும் ஒரே இனத்தின் வழி வந்தவர்களே.

ஒரு சமூகத்தார் மீதுள்ள பகை உங்களை நீதியினின்று பிறழச் செய்துவிட வேண்டாம் என்று 'அல்மாயிதா' அத்தியாயத்தின் எட்டாம் வசனம் கட்டளையிடுகிறது. கொடுமைக்குத் துணை நின்றவர் குற்றத்தில் பங்குடையவரே; பிர்அவ்னுடன் அவனுடைய படையினரையும் திருமறை குற்றம் சாட்டுகிறது. ஆயின், அதே பிர்அவ்னின் மனைவியான ஆசியா அம்மையாரை நம்பிக்கையாளர்க்கெல்லாம் முன்மாதிரியாக அது காட்டவில்லையா?

இந்த அளவுகோலை இன்றைய நிகழ்ச்சி ஒன்றில் வைத்துப் பாருங்கள். சீனாவின் சிங்கியாங் மாநிலத்தில் உய்குர் முஸ்லிம்கள் பெருந்தொகையினராகத் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அங்கு நிகழ்ந்தவை மனித குலத்துக்கு எதிரான குற்றங்களாகக் கருதப்படத் தக்கவை என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2022 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. இதைக் கண்டிப்பது நம் கடமை, மௌனம் தகாது.

ஆனால் கண்டனம் அரசின் மீது நிற்க வேண்டும். சீனர் என்றாலே இப்படித்தான் என்று நம் வீட்டுத் திண்ணையில் பேசத் தொடங்கினால் அது அநீதி. அந்த அரசை அம்மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. சீன மொழி பேசும் ஹூய் முஸ்லிம்கள் மட்டுமே ஒரு கோடிக்கு மேற்பட்டோர் அங்கு வாழ்கின்றனர். முஸ்லிம் அல்லாத ஹான் இனத்தவரான ஜாங் ஹைதாவ் என்பவர், உய்குர் மக்கள் நடத்தப்படும் முறையைக் கண்டித்து எழுதி வந்தார். 2016-ல் அவருக்கு 19 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நம் சகோதரர்களுக்காகவும் குரல் கொடுத்துச் சிறை புகுந்த அவரையுமா நாம் ஏசுவது?

2020-ல் கொள்ளைநோய் பரவியபோது, சீன முகச்சாயல் உடையவர்கள் என்பதற்காக நம் வடகிழக்கு மாநிலத்தவர் நகரங்களில் இழிவுபடுத்தப்பட்டனர். அதே ஆண்டில், டில்லியில் கூடிய கூட்டம் ஒன்றைக் காட்டி, நம் சமூகம் முழுவதன் மீதும் பழி சுமத்தப்பட்டது. நம் பிள்ளைகள் அன்று அடைந்த வேதனையை நாம் மறந்துவிடலாகாது. நமக்கு எதிராகச் செய்யப்பட்ட அநீதியை நாம் பிறருக்குச் செய்யலாமா?

இன்று ஜும்ஆவுக்குப் பின் கையேந்தும்போது, ஒடுக்கப்பட்ட உய்குர் மக்களின் விடிவுக்காக இறைஞ்சுங்கள். அநீதி இழைப்போரின் கரம் தடுக்கப்பட வேண்டுங்கள். அத்துடன், அந்நாட்டின் எளிய மக்களுக்கும் நேர்வழியும் நல்வாழ்வும் கிட்டுமாறு துஆச் செய்யுங்கள். இல்லம் திரும்பியதும், யானைப் படையின் கதையைக் கூறும் அதே நாவால் பிலாலின் கதையையும் உங்கள் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள்.