சந்தையும் சாந்தியும்

செவ்வாய்க்கிழமைச் சந்தையாற் பெயர் பெற்றது நமது செவ்வாய்ப்பேட்டை. வெல்ல மண்டியின் ஏலக்குரலும், லீ பஜாருக்கு மூட்டை சுமந்து வரும் லாரிகளின் ஊதொலியும் ஒருங்கே முழங்கும் இவ்விடத்திலிருந்து மன அமைதியைப் பற்றி எழுதப் புகுவது நகைப்பிற்கிடமாகலாம். ஆயினும், அமைதி காட்டிலன்றிக் கடைவீதியிற் கைகூடாதெனின், நம்போல்வார்க்கு அதனாற் பயன் யாது?

இதற்கு வழி காட்டிய தமிழர் ஒருவர் உளர். அவர் 1892-ஆம் ஆண்டு கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த தஞ்சை ஜே. சி. குமரப்பா. இலண்டனிற் கணக்காய்வு பயின்றவர். பின்னர்க் காந்தியடிகளைச் சார்ந்து கிராமக் கைத்தொழில்களுக்கே தம்மை ஈந்தவர். நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றி அவர் சிறையிலிருந்து எழுதிய நூலுக்கு 1945-இல் அடிகளே முகவுரை வரைந்தார்.

அந்நூலின் கருத்துக்களுள் ஒன்றை இவ்வாறு விளக்கலாம். நிலக்கரியும் மண்ணெண்ணெயும் ஊற்றில்லாத் தொட்டி நீர் போல்வன. மொள்ள மொள்ளக் குறையும். காட்டு மரமும் ஆற்று நீரும் அத்தகையன அல்ல; அளவறிந்து கொள்வார்க்கு மீண்டும் வந்து சேரும். குறையும் பொருளை நம்பி வாழ்வோர் அதன்பொருட்டுப் பிறரோடு போட்டியிடுவர்; போட்டி பகையாகும்; பகை போராகும். ஆகவே, நாம் எப்பொருளை நம்பி வாழ்கிறோம் என்பதற்கும் நம் மனநிலைக்கும் தொடர்புண்டு.

நாடுகளுக்கு உரைத்த இஃது நமது தெருவிற்கும் பொருந்துமா எனச் சோதித்தோம். முன்னரெல்லாம் அரைக் கல் தொலைவிலுள்ள கடைக்கும் மோட்டார் சைக்கிளிலேயே செல்வோம். சுமை வண்டிகளிடையே சிக்கி, பெட்ரோலும் பொறுமையும் ஒருங்கே தீர்ந்து, எவரையேனும் வைதுவிட்டுத் திரும்புவோம். இப்பொழுது நடக்கிறோம். நடப்பவனுக்கு வண்டிகளிடையே எப்பொழுதும் ஒரு சந்து கிடைத்துவிடுகிறது. வைவதற்கு ஆள்தான் கிடைப்பதில்லை.

கையில் மஞ்சட்பை. அதனைத் தூக்கிச் செல்ல நாணி அன்னையாரோடு பிணங்கிய காலமும் உண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பைகளை 2019-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டரசு தடை செய்துள்ளது. எனினும் திருமணிமுத்தாற்றங்கரையைக் கண்டார்க்குச் சட்டம் மட்டும் போதாதென்பது விளங்கும். பையெடுத்துச் செல்வதில் நாம் எதிர்பாராத நன்மையொன்றும் உண்டு. வேண்டுவன எவை என வீட்டிலேயே எண்ணிப் பார்க்க நேர்கிறது. பை கொள்ளுமளவே வாங்க இயலுகிறது.

சிக்கனத்திற்கு நம் பேட்டையின் கொலுசுத் தொழிலாளரினும் சிறந்த ஆசிரியர் இலர். பட்டறையிற் சிந்திய வெள்ளித்தூளை அவர்கள் குப்பையென்று கொட்டுவதில்லை. கூட்டி எடுத்து, உருக்கி, மீண்டும் வெள்ளியாக்குவர். சிறு வளையங்களை ஒவ்வொன்றாய்ப் பற்றவைக்குங்கால் அவர்தம் கை நடுங்கக் கண்டிலோம்.

நமக்கு இன்னும் வசப்படாதது கைப்பேசியே. இரவு ஒன்பது மணிக்குமேல் அதனை அடுக்களை மாடத்தில் வைத்துவிட்டு உறங்குவதென உறுதி பூண்டோம். சென்ற வாரத்து ஏழிரவுகளில் நாம் வென்றவை மூன்றே.