பழைய லயங்களில் பொது நியூட்ரல் கம்பி

பேரா ஆற்றின் செண்டரோ நீர்மின் நிலையம் 1930ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கும் ஈப்போ நகருக்கும் மின்சாரம் வந்த பின்னரும், ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. பின்னர் லயங்களுக்கு மின்சாரம் வந்தபோது, கம்பிகள் அவ்வப்போது சிறுகச் சிறுக இழுக்கப்பட்டன. அதனால் சில பழைய கட்டடங்களில் இரண்டு மின்சுற்றுகளுக்கு, ஏன், அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்குக்கூட, ஒரே நியூட்ரல் கம்பி இருப்பதுண்டு. இதன் தீமை யாது?

மின்சாரம் லைவ் கம்பி வழியே சென்று, நியூட்ரல் கம்பி வழியே திரும்புகிறது. இரண்டு நிரைகளில் பால் வெட்டுவோர் தனித்தனிப் பாதையில் சென்று, ஒரே பலகைப் பாலத்தின் வழியே திரும்புவதாக எண்ணிப் பாருங்கள். பாலத்தின் மேல் இரு கூட்டத்தின் பாரமும் ஏறும். அவ்வாறே, ஒரே பேஸிலிருந்து வரும் இரு சுற்றுகளில் ஒன்றில் 10 ஆம்பியரும் மற்றொன்றில் 12 ஆம்பியரும் ஓடினால், பொது நியூட்ரலில் 22 ஆம்பியர் ஓடும். பிரேக்கர் லைவ் கம்பியை மட்டுமே காக்கிறது. ஆதலால் நியூட்ரல் சூடேறி உறை கருகினாலும் அது விழாது.

இதனினும் கொடியது மின் அதிர்ச்சி. ஒரு பாதையை அடைத்தாலும், மற்றப் பாதையில் சென்றோர் பாலத்தில் வந்துகொண்டே இருப்பர். உங்கள் வீட்டுப் பிரேக்கரை நிறுத்திவிட்டு நியூட்ரல் இணைப்பைக் கழற்றுகிறீர்கள். அடுத்த வீட்டில் விளக்கு எரிகிறது. கழற்றிய கணமே, அவ்விளக்கின் வழியாக வரும் 230 வோல்ட் அந்தக் கம்பி முனையில் நிற்கும். கழற்றுமுன் டெஸ்ட் பேனா ஒளிராதிருந்ததை நம்பித் தொட்டவர் உயிரிழக்க நேரும்.

ஆர்.சி.டி. என்னும் கசிவு துண்டிப்பான், சென்ற மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமா என்று பார்க்கிறது. உங்கள் விளக்கின் மின்சாரம் பக்கத்து வீட்டு நியூட்ரல் வழியே திரும்பினால், கணக்கு ஒவ்வாது, ஆர்.சி.டி. விழுந்துவிடும். ஒரு குறிப்பிட்ட விளக்கைப் போடும்போதெல்லாம் இவ்வாறு நேர்ந்தால், கம்பிக் கசிவோடு பொது நியூட்ரலையும் ஐயுறலாம். எக்காரணத்தாலும் ஆர்.சி.டி.யைக் கழற்றி நேரடியாக இணைத்தல் கூடாது.

மூன்று பேஸ் மின்சாரம் உள்ள கடைவீட்டிலோ மண்டபத்திலோ பொது நியூட்ரல் அறுந்தால், பாரம் குறைந்த பக்கத்தின் அழுத்தம் 400 வோல்ட்டை நோக்கி ஏறி, தொலைக்காட்சி முதலியவற்றைக் கருக்கிவிடும்.

இக்குறையைக் கண்டறிவது உரிமம் பெற்ற வயர்மேனின் வேலை. அவர் இரு வீடுகளின் மெயின் சுவிட்சுகளையும் நிறுத்தி, இரு நியூட்ரல்களையும் பெட்டியில் பிரித்து, அவற்றிடையே தொடர்பு உண்டா என்று கருவியால் சோதிப்பார். தொடர்பு இருப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் தனி நியூட்ரல் இழுக்கவேண்டும். பழைய முறையில் நியூட்ரல் கறுப்பு நிறம். எனினும் நிறத்தை மட்டும் நம்புதல் தகாது.

நீங்கள் செய்யவேண்டியது, எந்த விளக்கைப் போடும்போது ஆர்.சி.டி. விழுகிறது, எந்தச் சுவிட்சு சுடுகிறது என்று குறித்துவைத்து, தோட்ட நிர்வாகத்திடம் எழுத்து மூலம் தெரிவிப்பதே. தொழிலாளர் குடியிருப்பைப் பழுதின்றிப் பேணுவது, 1990ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச வீட்டு வசதித் தரச் சட்டப்படி முதலாளியின் கடமையாகும். பக்கத்து வீட்டாரையும் அழைத்துச் சேர்ந்தே முறையிடுங்கள். கம்பி இருவருக்கும் பொதுவெனில், ஆபத்தும் இருவருக்கும் பொதுவே.